ஸ்மார்ட் மீட்டர் வந்தால் மின்கட்டணத்தை முடிவு செய்வது யார்?

“எங்கள் தெருவில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப் போகிறார்களாம். பொருத்திய இடங்களில் பில் இரண்டு மடங்காகிவிட்டது என்கிறார்கள். இதைக் கட்டுப்படுத்த அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லையா? எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட முடியாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. புதிய கருவி சரியாக அளக்குமா என்பது ஒன்று. அளந்த யூனிட்டுக்கு விலை வைப்பது யார் என்பது இன்னொன்று. கருவியை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்பது மூன்றாவது. தெருவில் பேச்சு முதல் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது என்றாலும், உங்கள் பணத்தை உண்மையில் தொடுவது இரண்டாவது கேள்விதான். பல ஆண்டுகளாக மின்கட்டண மனுக்களைப் படித்து, மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் ஆட்சேபங்கள் எழுதித் தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் மின்னணுப் பொறியாளன் அல்ல. ஆகவே கருவியின் உட்புறத்தைப் பற்றித் தர நிர்ணயமும் விதிகளும் சொல்வதைத் தாண்டிப் பேச மாட்டேன். நீங்கள் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு வைத்திருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வியை விரைவாக முடித்துவிடலாம். ரீடிங்கைத் தானாகவே அனுப்பும் இந்த ஸ்மார்ட் மீட்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16444 என்ற தரம் உண்டு. அதில் தேறிய கருவி வேண்டுமென்றே வேகமாக ஓடும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் தட்டு சுழலும் பழைய மீட்டர்கள் தேய்மானத்தால் மெதுவாக ஓடுவது வழக்கம். அப்படிப்பட்ட வீட்டில் புதிய மீட்டர் வந்ததும் பில் ஏறத்தான் செய்யும். பழைய தராசு இத்தனை காலம் நமக்குச் சாதகமாகத் தாழ்ந்திருந்தால், புதிய தராசில் அரிசி குறைந்தது போலத்தான் தோன்றும். எனினும் தனிப்பட்ட ஒரு கருவி பழுதாக இருக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது. அதற்காகவே, நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் மத்திய அரசு செய்த திருத்தத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ரீடிங் உண்மையான பயன்பாட்டுடன் பொருந்தவில்லை என்று நீங்கள் புகார் கொடுத்தால், ஐந்து நாட்களுக்குள் இன்னொரு மீட்டரைக் கூடுதலாகப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ‘மீட்டர் வேகமாக ஓடுகிறது’ என்ற சந்தேகம் உள்ளவர் வாக்குவாதம் செய்வதைவிட இந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுப்பதே பயன் தரும்.

இனி விலை. மின்சாரச் சட்டம், 2003இன்படி சில்லறை மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துடையது; மின் வாரியத்துக்கோ, அமைச்சருக்கோ, மீட்டர் பொருத்தும் ஒப்பந்த நிறுவனத்துக்கோ அந்த அதிகாரம் இல்லை. வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் பகிர்மானக் கழகம் தன் செலவுக் கணக்குடன் மனுச் செய்ய வேண்டும், மனுவை வெளியிட வேண்டும், பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்து 120 நாட்களுக்குள் ஆணையம் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று சட்டத்தின் 64ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு பிரிவினருக்குக் குறைந்த விலையில் மின்சாரம் தர மாநில அரசு விரும்பினால், 65ஆம் பிரிவின்படி அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே மானியமாகக் கட்ட வேண்டும். 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது இந்த வழியில்தான். 2023 ஜூலையில் கட்டணம் 2.18 விழுக்காடு உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதும் இதே வழியில்தான். ஆணையம் விலையை ஏற்றியது, அரசு பணத்தைக் கொடுத்தது, நமக்குப் பில் மாறவில்லை. செய்தித்தாளில் ‘மின்கட்டணத்தை அரசு உயர்த்தவில்லை’ என்று வந்தால் அதன் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும்.

சட்டம் இப்படிச் சொல்ல, நடைமுறை எப்படி என்று கேட்டால், அவ்வளவு சுத்தமாக இல்லை. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு வழிகாட்டுதல் தர 108ஆம் பிரிவு அரசுக்கு இடம் கொடுக்கிறது. கொள்கை எங்கே முடிந்து கட்டணம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை மங்கலானது. ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மாநில அரசுதான். 2003க்குப் பிறகு 2010 வரை தமிழ்நாட்டில் கட்டணத் திருத்தமே நடக்கவில்லை; மின் உற்பத்திச் செலவு அந்த ஏழு ஆண்டுகளும் காத்திருக்கவில்லை. நாடு முழுவதும் இப்படி ஒத்திப்போடும் பழக்கம் பரவியதால், மனு வராவிட்டாலும் ஆணையங்கள் தாமாகவே கட்டண நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்று 2011 நவம்பரில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டியிருந்தது. வசூலிக்காமல் தள்ளிவைத்த தொகைகளைக் குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டது. ஆகவே ‘கட்டுப்படுத்த அதிகாரம் இல்லையா’ என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: அதிகாரம் தாராளமாக இருக்கிறது, அது விலையைத் தாழ்த்தி வைப்பதற்கே அதிகம் பயன்பட்டு, கடன் வேறிடத்தில் குவிந்தது. அடுத்து வரும் உயர்வுகளில் பழைய பாக்கியும் சேர்ந்திருக்கும். அதற்கும் மீட்டருக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் வந்தால் பழி மீட்டர் மேல் விழும்.

மீட்டர் உண்மையாகவே பில்லை மாற்றக்கூடிய ஓரிடம், நம் அடுக்கு முறைக் கட்டணமும் கணக்கெடுக்கும் நாளும் சேரும் இடம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எண்களுக்கு 2022 செப்டம்பர் ஆணையில் இருந்த விகிதங்களை எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பின் விகிதங்கள் சற்றே நகர்ந்திருந்தாலும் கணக்கின் போக்கு அதேதான். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50 ரூபாய், 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாயாகிவிடும், 500 வரை அதே 6 ரூபாய், அதற்கு மேல் 8, 9, 10, 11 என்று ஏறும். 500 யூனிட்டுக்குப் பில் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். கணக்கெடுப்பாளர் 60 நாளைத் தாண்டி, மூன்று நாள் தாமதமாக வந்து ரீடிங் எடுத்ததால் அடுக்கு மாறிவிட்டது என்ற புகார் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. ஸ்மார்ட் மீட்டர் குறித்த தேதியில் தானாகவே ரீடிங்கை அனுப்பிவிடும். விடுமுறை, பூட்டிய வீடு, ஆள் பற்றாக்குறை என்ற காரணங்கள் எல்லாம் போய்விடும். நுகர்வோருக்கு நிச்சயமான லாபம் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியது இது ஒன்றைத்தான்.

இதையொட்டி, மாதந்தோறும் கணக்கெடுத்தால் பில் குறையும் என்ற பரவலான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குறுதியாகவே வந்த விஷயம் இது. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகே சாத்தியம் என்று பின்னர் சொல்லப்பட்டது. ஆனால் குறைவதும் கூடுவதும் அடுக்குகளை என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாதம் 100 யூனிட் இலவசம் என்று அடுக்குகளை அப்படியே விட்டால் பில் பெரிதாகக் குறையும், ஆனால் அது மீட்டர் தரும் பயன் ஆகாது, அரசு கூடுதலாகத் தரும் மானியம். அடுக்குகளைச் சரிபாதியாக்கி மாதம் 50 யூனிட் இலவசம், 250இல் எல்லை என்று வைத்தால், ஏப்ரலில் 150, மே மாதத்தில் ஏசி ஓடி 350 என்று பயன்படுத்தும் வீட்டைப் பாருங்கள். இரண்டு மாதக் கணக்கில் மொத்தம் 500, பில் 1,725 ரூபாய். மாதக் கணக்கில் முதல் மாதம் 337.50, இரண்டாம் மாதம் 1,825, கூட்டினால் 2,162.50 ரூபாய். விலை மேலே போகப்போக ஏறும் கட்டணத்தில், நீண்ட காலத்தைச் சேர்த்துச் சராசரி பார்ப்பது நுகர்வோருக்குச் சாதகம்; அதைத் துண்டாக்கினால் உயர்ந்த மாதம் தனியாக அடி வாங்கும். மறுபுறம், 240, 270 என்று இரு மாதமும் ஏறக்குறைய சமமாகச் செலவழித்து 510இல் மாட்டிக்கொள்ளும் வீட்டுக்கு, 2,030 ரூபாய்க்குப் பதில் 1,937.50 ரூபாய்தான் வரும். ஆகவே மாதக் கணக்கெடுப்பைக் கோருபவர்கள் அடுக்கு எப்படி மாறும் என்பதையும் சேர்த்துக் கேட்காமல் விட்டால், கேட்டதே வினையாகவும் முடியலாம்.

அடுத்தது நேரவாரிக் கட்டணம். பழைய மீட்டருக்கு மொத்த யூனிட் மட்டுமே தெரியும். புதியது எந்த நேரத்தில் எவ்வளவு என்பதையும் பதிவு செய்கிறது. பயன்படுத்தும் நேரத்தை வைத்துக் கட்டணத்தை வேறுபடுத்த 62ஆம் பிரிவு முன்பே இடம் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் உயரழுத்தத் தொழிற்சாலைகள், மின்தேவை மிகுந்த உச்ச நேரத்துக்கு 25 விழுக்காடு கூடுதலாகக் கட்டிவருகின்றன. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி இதை விவசாயம் தவிர்த்த எல்லோருக்கும் நீட்டிக்கச் சொல்கிறது. சூரிய ஒளி நேரம் என்று ஆணையம் குறிக்கும் எட்டு மணி நேரத்துக்கு வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தள்ளுபடி; உச்ச நேரத்துக்கு வணிக, தொழில் நுகர்வோரிடம் 1.2 மடங்குக்கும், மற்றவர்களிடம் 1.1 மடங்குக்கும் குறையாத விலை. வீட்டில் 40 விழுக்காடு மின்சாரம் உச்ச நேரத்திலும் 25 விழுக்காடு பகலிலும் செலவானால், முதலாவதில் 4 விழுக்காடு ஏறி, இரண்டாவதில் 5 விழுக்காடு இறங்கி, பில் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கும். பகலில் வீடு பூட்டியிருக்கும் குடும்பத்துக்கு 2 அல்லது 3 விழுக்காடு கூடலாம். இரண்டு மடங்கு என்ற பேச்சுக்கு இதில் ஆதாரம் இல்லை. ஆனால் விதியின் வாசகத்தைக் கவனியுங்கள்: உச்ச நேர விலைக்கு அது தரை வைத்திருக்கிறது, கூரை வைக்கவில்லை. 1.1 என்பது பின்னாளில் 1.3 ஆவதைத் தடுக்க அந்த விதியில் எதுவும் இல்லை. ஆணையம் மட்டுமே தடுக்க முடியும். கட்டணம் நிர்ணயிப்பது மாநில ஆணையத்தின் வேலை என்று சட்டம் சொல்லும்போது, மத்திய விதி இவ்வளவு விழுக்காடு என்று எண் குறித்துக் கட்டளையிடலாமா என்பதே விவாதத்துக்குரியது. மின்சாரம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருப்பதால் இந்த இழுபறி தீர்ந்துவிட்டதாக யாராவது உறுதியாகச் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

இந்தத் திட்டத்தின் பின்னால் உள்ள காரணம் பொய்யல்ல. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுதி; சூரியன் சாய்ந்த பின் தேவை குறையாமல் இருக்கிறது, அந்த வரத்து இல்லை. அந்த நேரத்தில் மின் சந்தையில் வாங்கும் விலை எவ்வளவு போகும் என்பதற்கு 2022 கோடையே சாட்சி: யூனிட் 20 ரூபாயை எட்டியதால், மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அந்த ஏப்ரலில் 12 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, 2023 ஏப்ரலில் அதை 10 ரூபாயாக்கியது. அந்தச் செலவு இன்று எல்லோருடைய பில்லிலும் சமமாகக் கரைகிறது. நேரவாரிக் கட்டணம் அதை யாரால் செலவு வந்ததோ அவர் பக்கம் கொஞ்சம் திருப்புகிறது. கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முழுவதும் திருப்பினால் என்ன ஆகும் என்பதை டெக்சாஸ் காட்டியிருக்கிறது. அங்கே கிரிட்டி என்ற நிறுவனம் மொத்தச் சந்தை விலையை அப்படியே வீடுகளுக்குக் கடத்தியது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் அந்த விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர், அதாவது யூனிட் 9 டாலர் என்ற வரம்பில் நாள்கணக்கில் நின்றது. சில குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. நிறுவனம் திவாலானது, அதே ஆண்டில் வீடுகளுக்கு அத்தகைய திட்டங்களை விற்பதை மாநிலச் சட்டமன்றம் தடைசெய்தது. நம்மிடம் அப்படி எதுவும் முன்மொழியப்படவில்லை. ஆனால் கருவி இருந்தால்தான் அது சாத்தியம் என்பதும், கருவிக்கும் அந்தப் பில்லுக்கும் நடுவே நிற்பது ஒழுங்குமுறை மட்டும்தான் என்பதும் உண்மை.

மீட்டரின் விலையை யார் தருகிறார்கள் என்பதில் எனக்கு நிம்மதி இல்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மீட்டர் ஒன்றுக்கு 15 விழுக்காடு, அதிகபட்சம் 900 ரூபாய் மானியம். மீதியை ஒப்பந்த நிறுவனம் முதலில் செலவழித்து, பல ஆண்டுகள் மாதாமாதம் பகிர்மானக் கழகத்திடமிருந்து வாங்கிக்கொள்ளும். வீட்டில் வந்து யாரும் பணம் கேட்க மாட்டார்கள் என்பது சரி. ஆனால் அந்த மாதத் தொகை கழகத்தின் செலவுக் கணக்கில் ஏறும், செலவுக் கணக்கு கட்டண மனுவில் ஏறும். மின் இழப்பு குறைவதால் வரும் சேமிப்பே இதை ஈடுகட்டும் என்பது அரசின் வாதம். திருட்டு மிகுந்த மாநிலங்களில் அது பலிக்கலாம். இழப்பு ஏற்கெனவே ஒப்பீட்டளவில் குறைவாக உள்ள இங்கே அதே அளவு சேமிப்பு வருமா என்பது என் சந்தேகம். கணக்கில் பெரிய ஓட்டை எனக்குத் தெரிந்து வேறிடத்தில் இருக்கிறது: 20 லட்சத்துக்கும் அதிகமான இலவச விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லை, புதிய திட்டமும் விவசாயத்தை விட்டுவிடுகிறது. கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் தமிழ்நாடு தன் பெரிய ஒப்பந்தப்புள்ளி ஒன்றை ரத்து செய்தது சரியான முடிவு என்று நினைக்கிறேன். இடைத்தரகர் இல்லாமல் கழகமே முதலீடு செய்யும் வழியைத் தேர்ந்துகொண்டது கேரளம்.

மறுக்க முடியுமா என்றால், சட்டம் உங்கள் பக்கம் இல்லை. சரியான மீட்டர் இன்றி மின்சாரம் தரக்கூடாது என்கிறது 55ஆம் பிரிவு. மீட்டரை மாற்ற வரும் ஊழியருக்கு அனுமதி மறுத்தால் 24 மணி நேர எழுத்துமூல அறிவிப்புக்குப் பின் இணைப்பைத் துண்டிக்க 163ஆம் பிரிவு இடம் தருகிறது. நெதர்லாந்தில் கட்டாய ஸ்மார்ட் மீட்டர் மசோதாவை 2009இல் நாடாளுமன்ற மேலவை தனியுரிமைக் காரணத்துக்காக நிறுத்தியது. மறுக்கும் இடம் அங்கேயும் நாடாளுமன்றத்தில்தான் இருந்தது, வீட்டு வாசலில் இல்லை. அமெரிக்காவில் நேப்பர்வில் நகர வழக்கில், 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவு வீட்டுக்குள் நடப்பதை வெளிப்படுத்தும், ஆகவே அது சோதனைக்குச் சமம் என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் நியாயமான சோதனை என்று அனுமதித்தது. நம் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மின் பயன்பாட்டுத் தரவை எப்படிக் காக்கும் என்பது வழக்குகள் வந்த பிறகே தெளிவாகும்.

செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதுபோல் முன்கூட்டியே பணம் கட்டும் முன்கட்டண முறைதான் எதிர்த்து நிற்கத் தகுந்த இடம் என்பது என் கருத்து. இருப்பு தீர்ந்ததும் தானாகத் துண்டித்தால், நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்க 15 நாள் அறிவிப்பு வேண்டும் என்ற 56ஆம் பிரிவு என்ன ஆகிறது? நுகர்வோர் ‘சம்மதித்தால்’ முன்கட்டண மீட்டர், அப்போது வைப்புத்தொகை கேட்கக்கூடாது என்ற தொனியில்தான் 47ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு பேசுகிறது. மத்திய விதி அதைக் கட்டாயமாக்கப் பார்க்கிறது, விலக்குத் தரும் உரிமையை ஆணையத்திடம் விட்டிருக்கிறது. தொலைவிலிருந்து துண்டிக்கும் வசதி தவறினால் என்ன நேரும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தில் 2020 ஆகஸ்ட்டில் கிருஷ்ண ஜெயந்தி அன்று ஒரு தவறான கட்டளையால் லட்சத்துக்கும் அதிகமான ஸ்மார்ட் மீட்டர் வீடுகள் ஒரே சமயத்தில் இருண்டது சான்று.

ஆகவே மீட்டர் பொருத்த வரும் நாளில் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; புதியதன் தொடக்க ரீடிங்கையும் மாற்றிய தேதியையும் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். அடுத்த கட்டண மனு ஆணையத்தின் இணையதளத்தில் வெளிவரும்போது, வீடுகளுக்கு முன்கட்டணத்தைக் கட்டாயமாக்காமல் விருப்பமாக வைக்க வேண்டும், உச்ச நேர விலைக்கு மேல்வரம்பு வேண்டும், மாதக் கணக்கெடுப்பு வந்தாலும் இரண்டு மாதச் சராசரியை விட்டுவிடக் கூடாது என்ற மூன்றையும் உங்கள் நுகர்வோர் எண்ணைக் குறிப்பிட்டுத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. கருத்துக்கேட்புக் கூட்டங்களில் நான் பார்த்தவரை தொழில் சங்கங்களின் நாற்காலிகள் நிரம்பியிருக்கும், வீட்டு இணைப்புக்காரர்கள் சிலர்தான் வருவார்கள்.